நடை சொல்லும் செய்தி

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசற்படியில் நின்று மக்களை வழியனுப்புவது என் நெடுநாள் வழக்கம். பழனி மலைத்தொடரில் உள்ள பங்கு ஆதலால் வாசலைத் தாண்டியதுமே பாதை சரிவில் இறங்கத் தொடங்கிவிடும். பனிமூட்டம் சூழும் மாதங்களில் இருபது அடிக்கு அப்பால் எவருடைய முகமும் தெரியாது. ஆயினும் செல்பவர் இன்னார் என்று நான் சொல்லிவிடுவேன். முகத்தை மறைக்கும் பனியால் நடையை மறைக்க முடிவதில்லை. ஒருவர் தோளைச் சாய்த்து நடப்பார். ஒருவர் குதிகாலை அழுத்தி ஊன்றுவார். ஒருத்தி இடுப்புக் குடத்தை இறக்கி வைத்த பின்பும் குடம் இருப்பது போலவே ஒருபுறம் ஒசிந்து நடப்பாள். கையெழுத்தைப் போல நடையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றது.

இவ்வாறு நடையைக் கொண்டே ஆளை அறிந்துவந்த நான், நடையைக் கொண்டே ஒருவருக்குப் பெரும் அநீதி இழைத்ததும் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் இக்கட்டுரையைத் தொடர வேண்டும்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு மலைக்கிராமத்தில் பூண்டு பயிரிடும் விவசாயி ஒருவர் இருந்தார். வயது ஐம்பதுக்குள். அந்தி மயங்கிய பின் அவர் தள்ளாடி வருவதைப் பலமுறை கண்டேன். கால்களை அகல வைத்து, பாதத்தைத் தரையில் ஓங்கி அறைந்து, கண்ணைத் தரையிலேயே பதித்து வருவார். ஒருநாள் கோயில் படியிலேயே விழுந்தார். நான் வேறு எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. திருவிழாச் சப்பரம் தூக்குவோர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினேன். அடுத்த ஞாயிறு குடியின் கேட்டைப் பற்றி மறையுரை ஆற்றினேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோயிலில் இருந்தவர் அனைவரும் அவரைத் திரும்பிப் பார்த்தனர்.

மூன்று மாதம் கழித்து அவருடைய மனைவி பங்கு இல்லத்திற்கு வந்தார். "சாமி, அவரு குடிச்சு எட்டு வருசம் ஆச்சு. ஒரு தவக்காலத்துல விட்டவரு, அதுக்கப்புறம் தொட்டதே இல்ல. ராத்திரியில கால் எங்க இருக்குன்னே தெரியலங்கிறாரு. முகம் கழுவக் கண்ண மூடினா முன்னால சாஞ்சுடுறாரு. என்னன்னு தெரியல சாமி" என்று கூறி அழுதார்.

சமவெளியில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். மருத்துவர் செய்த முதற் பரிசோதனை மிக எளியது. இரு பாதங்களையும் சேர்த்து நிற்கச் சொன்னார், நின்றார். கண்களை மூடச் சொன்னார். வெட்டுண்ட மரம்போல் சாய்ந்தார். மருத்துவரின் கைகள் அவரைத் தாங்கிக்கொண்டன. உணவிலுள்ள வைட்டமின் பி-12 என்னும் சத்தை ஏற்கும் ஆற்றலை அவருடைய வயிறு இழந்துவிட்டதாம். அதனால் தண்டுவடத்தின் பின்பகுதி பழுதுபட்டு, "கால் இங்கே இருக்கிறது" என்னும் செய்தி மூளைக்கு எட்டாமற் போய்விட்டதாம். வெளிச்சத்தில் கண் அந்தக் குறையை ஈடுசெய்தது. இருட்டில் ஈடுசெய்ய எதுவும் இல்லை. ஊசி மருந்தால் நன்றாகத் தேறினார். ஆனால் முழுவதும் அல்ல. இன்றும் இருட்டினால் அவருக்குக் கைத்தடி வேண்டும். "ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் இந்தத் தடியும் வேண்டியிராது" என்றார் மருத்துவர். அந்த ஆறு மாதங்களில் மூன்று என் கணக்கில் சேரும். எந்தப் பீடத்திலிருந்து அவரைக் கூனிக் குறுகச் செய்தேனோ, அதே பீடத்திலிருந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நடை என்பது உடல் பேசும் மொழி. அம்மொழி அறியாதார் அதனைக் கேலி செய்வர்; அல்லது என்னைப் போலத் தீர்ப்பிடுவர். அறிந்தோர் உரிய காலத்தில் உதவுவர். ஆகவே மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் படித்தும் நான் அறிந்தவற்றை நம் குடும்பங்களின் நன்மைக்காக இங்கே தருகின்றேன்.

நடத்தல் என்னும் அருங்கொடை

பதினெட்டு மாதக் குழந்தையும் செய்துவிடும் செயல் என்பதால் நடத்தலை எளிதென்று எண்ணிவிடுகின்றோம். உண்மையில் ஒவ்வோர் அடியும் ஒரு சிறு விழுதல். அதனை மறு கால் வந்து தடுக்கின்றது. நடையின் ஒரு சுற்றில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் தரையிலும் 40 விழுக்காடு நேரம் காற்றிலும் இருக்கின்றது. மூளை ஆணையிட, சிறுமூளை சீர்செய்ய, தண்டுவடமும் நரம்புகளும் ஆணையைக் கொண்டுசெல்ல, தசைகள் இழுக்க, எலும்பும் மூட்டும் தாங்க, கண்ணும் உட்செவியும் பாதத்தின் உணர்வும் நிலையை அறிவிக்கின்றன. இவற்றுள் எது பழுதானாலும் நடை மாறும். பழுதுக்குத் தக்கபடி நடையின் மாற்றமும் வேறுபடும். அதனால்தான் தேர்ந்த மருத்துவர், நோயாளி கதவைத் திறந்து நாற்காலிவரை வருவதற்குள் பாதி நோயை அறிந்துகொள்கிறார்.

நம் மலைமக்களுக்கு நடை இன்னும் இன்றியமையாதது. 1910-களில் மோட்டார் பாதை வருமுன் கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து மலைப்பாதையில் நடந்தே ஏறினர். இயலாதோரையும் வசதி படைத்தோரையும் டோலியில் சுமந்து சென்றனர். வெள்ளகவி போன்ற சிற்றூர்கள் அதன்பின்னும் நெடுங்காலம் சாலையின்றியே வாழ்ந்தன. சமவெளியில் நடை தளர்ந்தவருக்குப் பேருந்தும் ஆட்டோவும் உண்டு. இங்கே நடை தளர்ந்தால் வயலும் கடையும் கோயிலும் ஒருங்கே தொலைவாகிவிடுகின்றன.

ஆனால் மலைக்கு ஒரு நன்மையும் உண்டு. சமதரையில் மறைந்திருக்கும் குறை சரிவில் வெளிப்பட்டுவிடும். தொடை வலுவிழந்தவர் ஏறும்போது கையை முழங்காலில் ஊன்றுவார்; பாதம் தொய்ந்தவர் படிதோறும் தடுக்குவார்; சமநிலை தவறியவர் இறங்கும்போது சுவரைத் தேடுவார். 1872-இல் பள்ளத்தாக்கின் விளிம்பில் அமைக்கப்பட்டு இன்று சுற்றுலாப் பயணிகள் உலாவும் கோக்கர்ஸ் வாக் பாதையில் சிறிது நேரம் நின்று கவனித்தாலே இத்தனை வகை நடைகளா என்று வியப்போம்.

வலியினால் வரும் நொண்டல்

மிகவும் பொதுவானது இதுவே. வலிக்கும் காலைத் தரையில் ஊன்றும் நேரத்தை உடல் தானாகவே குறைத்துக்கொள்கின்றது. நல்ல காலை விரைந்து முன்வைக்கின்றது. முள், சுளுக்கு, முழங்கால் தேய்மானம் என்று காரணங்கள் பல. பெரியவர்களிடம் சில நாட்களில் தீராத நொண்டலுக்குக் காரணம் தேட வேண்டும். குழந்தைகளிடமோ இன்னும் கூடுதல் விழிப்பு வேண்டும்.

காய்ச்சலோடு திடீரென்று காலை ஊன்ற மறுக்கும் குழந்தையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இடுப்பு மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். சில நாள் தாமதம் மூட்டையே அழித்துவிடும். காய்ச்சலின்றி நாட்கணக்கில் நொண்டும் பள்ளிப் பிள்ளைக்குத் தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். மூட்டில் காசநோயும் வரும் என்பதை மறக்கலாகாது. இன்னொன்றையும் தாய்மார் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இடுப்பில் கோளாறு இருக்கையில் பிள்ளை பலநேரம் முழங்காலைத்தான் தொட்டுக் காட்டும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்து மாதங்களைக் கடத்திவிடாதீர்கள்.

எலும்பு முறிவைச் சரியாகச் சேர்க்காவிடில் கால் குட்டையாகி ஆயுள் முழுவதும் நொண்டல் தங்கும். கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் 1895-இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவிய இயேசு சபையின் தந்தை, புனித இஞ்ஞாசியாரே அதற்குச் சான்று. 1521-இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய வலக்காலை நொறுக்கியது. கோணலாகச் சேர்ந்த எலும்பை மறுபடி உடைத்துச் சேர்த்தனர். துருத்திய எலும்பை அறுத்தனர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஆயினும் கால் குட்டையாகவே நின்றது. அந்தக் காலோடுதான் அவர் திருப்பயணியாக நெடுந்தொலைவு நடந்தார். அக்காலத்தில் அதற்கு மேல் வழியில்லை, இன்று வழியுண்டு. முறிந்த காலை இறுக்கிக் கட்டி வீட்டில் கிடத்துமுன் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கட்டிய பின் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ கட்டை உடனே அவிழ்க்க வேண்டும்.

தொய்ந்த பாதம்

சிலர் சமதரையிலும் படியேறுவதுபோல் முழங்காலை உயரத் தூக்கி நடப்பர். பாதத்தின் முன்பகுதி தொங்கி, தரையில் "பட்"டென்று அடிக்கும். செருப்பு தானாகக் கழன்றுவிடும். அதன் முன்நுனி மட்டும் தேய்ந்திருக்கும். முழங்காலின் வெளிப்புறத்தில் சற்றுக் கீழே, எலும்பை ஒட்டித் தோலுக்கடியில் ஓடும் ஒரு நரம்பு செயலிழந்ததன் விளைவாகவே இது பெரும்பாலும் நேருகின்றது. களையெடுக்கவும் கிழங்கு அகழவும் மணிக்கணக்கில் குந்தி அமர்வோருக்கு அந்த நரம்பு நசுங்கி, எழுந்ததும் பாதம் தொய்ந்துவிடுவது உண்டு. பெரும்பாலும் வாரங்களில் சரியாகும். முதுகெலும்பின் வட்டு விலகுவதாலும் நீரிழிவாலும் இது வரலாம்.

தொழுநோய் தாக்கும் நரம்புகளுள்ளும் இது ஒன்று. அந்நோய் நம்மை விட்டுப் போய்விட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் இலக்கை நம் நாடு 2005-இல் எட்டியது உண்மைதான். ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்களே. உணர்வற்ற தேமலோடு பாதமும் தொய்ந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. நோய்க்குரிய கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நரம்பு பாதித்த ஆறு மாதங்களுக்குள் உரிய மருந்து கிடைத்தால் இழந்த வலு திரும்பும் வாய்ப்பு மிகுதி.

காலம் கடந்தவர்களுக்கும் வழிதேடியவர் ஒருவர் உண்டு. நம் பழனி மலையைப் போலவே தமிழகத்தின் மற்றொரு மலையான கொல்லிமலையில், பாப்டிஸ்ட் மறைப்பணியாளரின் மகனாக 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட் அவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கை தவறு என்று கண்டார். வலி தெரியாததால்தான் அவர்கள் கல்லிலும் நெருப்பிலும் தம்மை அறியாமல் காயப்படுகின்றனர். அந்தக் காயங்களே உறுப்பைத் தின்கின்றன. செயலிழந்த தசைக்குப் பதிலாக நலமாயுள்ள தசையின் நாணை இடம்மாற்றித் தைத்துக் கைகளுக்கு இயக்கம் தந்தார்; அதே முறையால் தொய்ந்த பாதங்களும் நிமிர்ந்தன. உணர்வற்ற பாதங்களுக்கென மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் வந்தன. இன்று நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கும் அதே செருப்பு உதவுகின்றது. வலியைச் சாபம் என்றே எண்ணும் நமக்கு, வலி இறைவனின் காவல் என்று கற்பித்தவர் அவர்.

வாத்து நடையும் தொடையில் ஊன்றிய கையும்

ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு மறுபுறம் சரியாமல் தாங்குபவை இடுப்பின் பக்கத் தசைகள். அவை தளர்ந்தால் ஒவ்வோர் அடியிலும் இடுப்பு சரிய, உடல் இருபுறமும் அசைந்தாடும். 1895-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் இதனை விளக்கினார். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருந்தாலும் இந்நடை வரும். கைக்குழந்தைப் பருவத்தில் கண்டால் வாரினால் பிணைத்தே சரிசெய்யலாம். நடந்த பின் கண்டால் அறுவை சிகிச்சை வேண்டும். பல பிள்ளைகளைப் பெற்ற தாய் இடுப்பு வலியோடு இப்படி நடந்தால், அது முதுமை அன்று. வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகியிருக்கலாம். எளிதில் தீர்வது அது.

ஐந்து வயதுச் சிறுவன் அடிக்கடி விழுகிறான். கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது. தரையிலிருந்து எழும்போது தன் கால்மீதே கைகளை ஊன்றி, தன்மேல் தானே ஏறுவதுபோல் எழுகிறான் என்றால், தசை நலிவு நோயோ என்று பார்க்க வேண்டும். முற்றும் குணமாக்கும் மருந்து அதற்கு இல்லை எனினும், மருந்தாலும் உடற்பயிற்சியாலும் நடக்கும் காலத்தை நீட்டிக்க இயலும். மரபணு வழி வரும் நோய் ஆதலால் அடுத்த பேற்றுக்கு முன் ஆலோசனையும் பெறலாம். தாயைப் பழித்தல் பாவம். அவள் எதையும் அறிந்து தரவில்லை.

தொடையில் கையை ஊன்றி நடக்கும் நடுவயதினர் இன்றும் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களுள் பலர் இளம்பிள்ளை வாதத்தின் சாட்சிகள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட சிறுமி. 2014 மார்ச் 27-இல் நம் பகுதி போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. ஊர் ஊராகச் சொட்டுமருந்து சுமந்து மலையேறிய செவிலியரை நன்றியோடு நினைப்போம். பழைய நோயாளர்க்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின் புதிய தளர்ச்சி வருவதுண்டு. "இது பழைய கால்தானே" என்று விட்டுவிடாமல் காட்டச் சொல்லுங்கள்.

பாதம் உட்புறம் வளைந்து பிறக்கும் குழந்தையையும் இங்கே சொல்ல வேண்டும். ஆயிரம் பிறப்புக்கு ஒன்றிரண்டு இவ்வாறு நிகழ்கின்றன. கிரகணத்தையோ முன்வினையையோ காரணமாகச் சொல்லி வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பான்செட்டி என்னும் மருத்துவர் வகுத்த முறைப்படி, பிறந்த சில வாரங்களுக்குள் வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு கட்டுகள் போட்டு, பின்னர் சில ஆண்டுகள் இரவில் சிறப்புக் காலணி அணிவித்தால், அப்பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் ஓடி விளையாடும்.

விறைத்த காலும் சிற்றடியும்

பக்கவாதம் கண்டவர் காலை நேரே முன்வைக்க இயலாமல் அரைவட்டமாகச் சுழற்றி வைப்பர். கை மார்போடு மடங்கியிருக்கும். பிறவி மூளை முடக்கம் உள்ள பிள்ளையின் கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும்; நுனிக்காலில் நடக்கும். தண்டுவடம் நசுங்கினாலும் இரு கால்களும் விறைக்கும். கழுத்து எலும்பின் தேய்மானம், முதுகெலும்பில் காசநோய், கட்டி முதலியன அதன் காரணங்கள். முதுகு வலியோடு கால் விறைத்தால் எண்ணெய் தடவி மிதிக்கச் செய்யாதீர்கள்.

முதியவர் ஒருவர் சிறு சிறு அடியாக, காலைத் தேய்த்து, முன்குனிந்து நடக்கிறார்; திரும்புவதற்குப் பல அடிகள் வைக்கிறார்; ஒரு கை வீசாமல் தொங்குகிறது. இது 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிவைத்த நோயாக இருக்கலாம். பேச்சு மெலிந்து முகமும் உணர்ச்சி காட்டாது போவதால், "அப்பாவுக்கு எதிலும் அக்கறையில்லை, சோம்பல்" என்று வீட்டார் கடிந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். மருந்து தொடங்கிய பின் அதே தந்தை பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதையும் கண்டிருக்கிறேன்.

பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நடை, சிறுநீரை அடக்க இயலாமை, மறதி ஆகிய மூன்றும் ஒருங்கே வந்தால், மூளைக்குள் நீர் தேங்கியிருக்கக்கூடும். 1965-இல் கொலம்பியா நாட்டு மருத்துவர் ஹக்கீம் இதனை எடுத்துரைத்தார். ஒரு மெல்லிய குழாய் வைத்து அந்நீரை வயிற்றுக்குள் வடியச் செய்தால் பலர் மீண்டும் நடக்கின்றனர். "வயதாகிவிட்டது" என்ற ஒரே சொல்லால் நாம் மூடிவிடும் கதவுகள் எத்தனை!

ஏறும்போதா, இறங்கும்போதா?

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி பிடித்து, நின்றவுடன் தீர்ந்து, நடந்தால் மறுபடி வருவது ஒருவகை. காலின் இரத்தக் குழாய் சுருங்கியதன் அடையாளம் அது. புகையிலைக்குப் பேர்பெற்ற திண்டுக்கல் சீமையில் வாழும் நமக்கு இதன் காரணம் புதிதன்று. ஐம்பது வயதுக்குள்ளேயே பீடியினால் குழாய் அடைத்து, விரல் கருகி, காலை இழப்போர் உள்ளனர். பீடியை முற்றிலும் நிறுத்தினாலன்றி எம்மருந்தும் அவர்களைக் காப்பதில்லை. இடுப்புப் பகுதியில் தண்டுவடக் கால்வாய் குறுகினாலும் இதேபோல் நடந்தால் கால் வலிக்கும். இரண்டையும் பிரித்தறிய மலைப்பாதை உதவுகின்றது. மேட்டில் ஏறும்போது வலி மிகுந்தால் இரத்தக் குழாயை ஐயுறலாம். ஏறும்போது முன்குனிவதால் வலி குறைந்து, இறங்கும்போது நிமிர்வதால் மிகுந்தால், முதுகெலும்பை ஐயுறலாம். மருத்துவரிடம் செல்லும்போது இதை மறவாமல் சொல்லுங்கள்.

தள்ளாட்டம்

என் பூண்டு விவசாயியின் தள்ளாட்டம் உணர்வு இழந்ததால் வந்தது. சிறுமூளை பழுதானாலும் கால்கள் அகன்று உடல் தள்ளாடும். நேர்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்க இயலாது. நெடுநாள் குடியும் சிறுமூளையைக் கெடுக்கும். அந்த நிலையில் குடியை நிறுத்திய பின்னும் தள்ளாட்டம் நீடிக்கலாம். அவரும் நோயாளியே, ஏளனம் அவருக்கு மருந்தாகாது.

செய்யும் தொழிலாலும் நடை கெடுவதுண்டு. ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன்வழி மக்களைச் சேர்ந்ததால், நடக்கவும் பேசவும் இயலாத நோய் 1956-இல் கண்டறியப்பட்டது. நீரில் கலந்து மீனில் சேரும் பாதரசம் வேறு. மூச்சில் புகும் பாதரச ஆவி வேறு. ஆவி முதலில் கைநடுக்கத்தையும் மனக்கலக்கத்தையும் தந்து, மிகுந்தால் சமநிலையையும் குலைக்கும். கொடைக்கானலில் 1980-களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருட்கடையில் கண்டறியப்பட்டதை அடுத்து 2001-இல் மூடப்பட்டது. தொழிலாளர் நலம் கெட்டதா என்பது பற்றி நெடுங்காலம் வாதம் நடந்து, 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேர் சார்பில் நிறுவனத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாதத்திற்குள் நான் நுழையவில்லை. என் வேண்டுகோள் ஒன்றே: மருத்துவர் கேளாவிடினும் நீங்கள் செய்யும் தொழிலையும், முன்பு செய்த தொழிலையும், தெளிக்கும் பூச்சிமருந்தையும் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் பாருங்கள்: முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கத்திலிருந்தும். செருப்பு எங்கே தேய்கிறது என்று நோக்குங்கள். குதிகாலால் நடக்கச் சொல்லுங்கள். நுனிக்காலால் நடக்கச் சொல்லுங்கள். குந்தி எழச் சொல்லுங்கள். பாதங்களைச் சேர்த்துக் கண்மூடி நிற்கச் சொல்லுங்கள். அப்போது ஒருவர் அருகில் தாங்கத் தயாராய் நிற்க வேண்டும். முதியவரை நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேலானால் விழும் ஆபத்து உண்டு. இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. நடையைப் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டினால் நூறு சொற்களினும் பயன்படும்.

குழந்தைகளைப் பற்றி வீண் அச்சமும் வேண்டாம். இரண்டு வயதுவரை கால்கள் வில்போல் வளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் இடிப்பதும் பெரும்பாலும் இயல்பே. ஆனால் பதினெட்டு மாதத்திலும் நடவாத பிள்ளை, மூன்று வயதுக்குப் பின்னும் நுனிக்காலிலேயே நடக்கும் பிள்ளை, நடந்துகொண்டிருந்து பின்னர் அந்தத் திறனை இழக்கும் பிள்ளை ஆகியோரைக் காட்டியே ஆக வேண்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய அரசுத் திட்டம் உண்டு. அக்குழு வரும் நாளில் பிள்ளையை வேலைக்கோ ஊருக்கோ அனுப்பாதீர்கள்.

ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாதவை சில. திடீரென ஒருபக்கக் காலும் கையும் தளர்ந்தால் அது பக்கவாதம். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். நம் வளைவுப் பாதையில் அந்நேரம் எவ்வளவு விரைவில் கரையும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இரு கால்களும் தளர்ந்து சிறுநீர் வெளியேறாமல் நின்றால், அல்லது பாதத்தில் தொடங்கிய தளர்ச்சி நாளுக்கு நாள் மேலேறினால், அதுவும் அவசரமே. 108-ஐ அழையுங்கள்.

நாவையும் திருத்துவோம்

யோனத்தானின் மகன் மெபிபொசேத்தை நாம் அறிவோம். ஐந்து வயதில், தோல்விச் செய்தி கேட்டுத் தப்பியோடிய செவிலியின் கையிலிருந்து விழுந்து இரு கால்களும் முடமானவன். அவன் தன்னைச் செத்த நாயினும் கீழாக எண்ணியிருந்தான். தாவீது அரசனோ அவனைத் தேடி ஆளனுப்பித் தன் பந்தியிலேயே அமர்த்தினான். பந்தியில் அமர்ந்தவனின் கால்கள் எவர் கண்ணிலும் படுவதில்லை. முகம் மட்டுமே தெரியும். திருத்தூதர் பேதுருவும் யோவானும் எருசலேம் கோவிலின் அழகுவாயிலில் கண்ட மனிதரையோ, கடந்து சென்ற ஆயிரம் பேர் நாள்தோறும் பார்த்தும் பாராமல் சென்றனர். அவ்விருவரும் நின்று, அவரை உற்றுநோக்கினர். புதுமை அந்த நோக்கிலேயே தொடங்கிவிட்டது.

நம் ஊர்களிலோ நொண்டி, சப்பாணி, வாத்து என்று பெயரிட்டே பழகிவிட்டோம். மாற்றுத்திறனாளி என்னும் நல்ல சொல்லை நாவு கற்றுக்கொண்டது. உள்ளம் இன்னும் கற்கவில்லை. பெயரிட்ட மாத்திரத்தில் காரணம் கேட்பதை நிறுத்திவிடுகின்றோம். பெயர் ஒட்டிக்கொண்ட பிள்ளை வெட்கத்தால் மறைகிறது. மறைந்த பிள்ளைக்கு மருத்துவம் தாமதமாகிறது.

ஆகவே அன்பு வாசகர்களே, மாறிய நடை ஒன்றைக் காணும்போது நகையாமலும் தீர்ப்பிடாமலும், "எப்போதிருந்து இப்படி? வலிக்கிறதா? மருத்துவரைப் பார்த்தாயா? நான் உடன் வரட்டுமா?" என்னும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அவற்றுள் நான்காவதே உயர்ந்தது. மலையிலிருந்து இறங்கிப் பெரிய மருத்துவமனையின் வரிசையில் தனியே நிற்க அஞ்சித்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர்.

அந்த விவசாயி இன்றும் தம் பங்குத் திருவிழாவில் சப்பரத்தோடு வருகிறார். தூக்குவதில்லை; கைத்தடியை ஊன்றி முன்னே நடந்து, மேடு பள்ளத்தைப் பார்த்துச் சொல்லுகிறார். சென்ற ஆண்டு திருவிழாவுக்குச் சென்றிருந்தபோது, இருட்டில் இறங்கும் படி ஒன்றில் நான் தடுமாறினேன். "பார்த்து வாங்க சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். பின்னால் வந்தவர்கள் என் தடுமாற்றத்தைக் கண்டிருப்பர். அவர்களுள் ஒருவரும் என்னைக் குடிகாரன் என்று எண்ணவில்லை.